சனிக்கிழமை செத்தவர்

மூன்றாவது துண்டு வட்டிலப்பம் வாய்க்குள் கரைந்துகொண்டிருந்தபோதுதான், பாஸ்போர்ட் நேற்றுப் போட்டிருந்த கால்சட்டைப் பையிலேயே கிடக்கிறது என்பது சென்னியப்பனுக்கு நினைவு வந்தது.

அந்த நேரம் பார்த்து வானொலியில் பாட்டு நின்றது. ஒரு குரல் சிங்களத்தில் ஏதோ வாசித்தது. பிறகு இன்னொரு குரல் அதையே தமிழில் வாசித்தது. கண்டி மாவட்டத்தில் இன்று பிற்பகல் இரண்டு மணி முதல் மறு அறிவித்தல் வரை ஊரடங்குச் சட்டம்.

சென்னியப்பன் வட்டிலப்பத்தை அப்படியே விழுங்கினான்.

"ஏனுங்க முனாப், இப்ப மணி என்னங்க?"

"ஒண்டு தாண்டிட்டுது மாஸ்டர். ஏன், மூஞ்சி ஒரு மாதிரிப் போகுது?"

"பாஸ்போர்ட்டை ரூமுல வச்சுட்டு வந்துட்டேனுங்க."

முனாப் கையிலிருந்த தண்ணீர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார். சமையலறைப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றுபோனது.

சென்னியப்பன் சென்னிமலைக்காரன். கோயம்புத்தூரில் நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்றில் பிட்டர். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மில்லுக்கு விற்ற இயந்திரங்களைப் பூட்டிக் கொடுக்க அனுப்பப்பட்டிருந்தான். ஊரில் ஞாயிற்றுக்கிழமையும் அவனுக்கு மில்தான். இங்கே சனிக்கிழமை மத்தியானமே கேட்டைப் பூட்டிவிட்டார்கள். "வீக்எண்டை அனுபவியும்" என்றார் மானேஜர். அனுபவிப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. முதல் இரண்டு வாரமும் அவன் அறையில் உட்கார்ந்து ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மில்லின் ஸ்டோர் கீப்பர் முனாப் அவனைத் திகனவில் உள்ள தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு, அதன்பின் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் பழைய தெல்தெனிய நகரம் தண்ணீருக்குள் கிடக்கும் விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்து ஒரு போட்டோ, பிறகு பஸ் ஏறி அறைக்கு. இதுதான் திட்டம்.

அது எண்பத்தொன்பதாம் வருடம். இந்தியப் படை வடக்கே யாழ்ப்பாணத்தில் இருந்தது. அந்தக் கோபத்தில் தெற்கே, இந்தியப் பொருளை விற்காதே என்று இரவோடிரவாகச் சுவரில் ஒட்டிய சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள், சொன்னதைக் கேட்காத கடைக்காரரைச் சுட்டார்கள். லீவில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிச் சுட்டார்கள். அவர்களைத் தேடிப் படையினர் பகலில் வந்தார்கள். தேடியவர் கிடைக்காவிட்டால் கிடைத்தவரைக் கொண்டுபோனார்கள். ஆற்றங்கரையில் காலையில் கூட்டம் நின்றால் எட்டிப் பார்க்காமல் நடக்கச் சென்னியப்பன் வந்த முதல் வாரத்திலேயே பழகிவிட்டான்.

அவன் தங்கியிருந்த வீட்டுக்காரர் இராஜரத்தினம், கச்சேரி என்கிற மாவட்ட அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். வந்த அன்றே அவர் சொல்லிவைத்தார்.

"தம்பி, ஆமி மறிச்சால் பாஸ்போட்டைக் காட்டுங்கோ. மற்றவங்கள் மறிச்சால் பாஸ்போட்டை ஒளியுங்கோ."

"மறிக்கிறது ஆருன்னு எப்படீங்க தெரியும்?"

"அதுதானே தம்பி இந்த நாட்டில இப்ப உள்ள பிரச்சினை."

இப்போது காட்டவும் ஒன்றுமில்லை, ஒளிக்கவும் ஒன்றுமில்லை. தமிழ் பேசுகிற, அடையாளம் இல்லாத, எந்த ஊரென்று சொல்ல முடியாத ஓர் ஆள். அந்த வருடத்தில் அப்படிப்பட்ட ஆட்களுக்கு என்ன நடந்தது என்பதை யாரும் உரக்கச் சொல்லுவதில்லை. எப்படியாவது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி அந்தக் கால்சட்டையிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

"இன்னைக்கு இங்கயே இருங்க மாஸ்டர்" என்றார் முனாப். குரலில் பாதி மனசுதான் இருந்தது.

மீதி மனசு சமையலறை வாசலில் நின்றது. முனாப்பின் மனைவி ஹபீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நேத்து அடுத்த ரோட்டுல வீடு வீடாச் செக் பண்ணினாங்க. பொலிஸ்ல பதியாத ஆள் வீட்டுல இருந்தா, வந்தவரையும் ஜீப்புல ஏத்துவாங்க, வீட்டுக்காரரையும் ஏத்துவாங்க. சொல்றேன்னு கோவிச்சுக்கப்படாது, மாஸ்டர்."

"கோவமெல்லாம் இல்லீங்க. நான் பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடறேனுங்க."

"இந்தச் சட்டையோடயா?" என்றார் முனாப்.

சென்னியப்பன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். ஈரோட்டில் எடுத்த பெரிய கட்டம் போட்ட சட்டை. பொத்தான்கள்கூடப் பளபளவென்று இருந்தன.

"இதைப் பாத்தாலே சொல்லிடுவாங்க, எந்த நாட்டுச் சரக்குன்னு. பம்பாய் வெங்காயத்தைப் பம்பாய் வெங்காயம்னு சொல்லப் பயந்து, கடைக்காரன் எல்லாம் பெரிய வெங்காயம்னு பேர மாத்திட்டான். நீங்க அந்த வெங்காயத்தை விடப் பெரிய ஆளா?"

முனாப் உள்ளே போய், தான் ஜும்ஆத் தொழுகைக்கு உடுத்தும் வெள்ளைச் சாரத்தையும் வெள்ளைச் சட்டையையும் கொண்டுவந்தார். போட்டோவுக்காக அவன் கொண்டுவந்திருந்த காமராவை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "அணைக்கட்டைப் படம் பிடிக்கக் காமராவோட வந்த இந்தியன். வேற சாட்சியே வேணாம்."

வெள்ளையில் வெளியே வந்த சென்னியப்பனை ஹபீலா மேலும் கீழும் பார்த்தாள். "யா அல்லாஹ், இது மையத்து வீட்டுக்குப் போற ஆள் மாதிரியல்லவா இருக்கு."

"இருக்கட்டும், நல்லது" என்றார் முனாப்.

திகனச் சந்தியில் கடைகளின் பலகைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு பலகை விழும்போதும் சென்னியப்பனின் தோள் தூக்கிப்போட்டது. கடைசி பஸ் வந்தது. வாசலில் மனிதர்கள் திராட்சைக் குலைபோலத் தொங்கினார்கள். அது வேகத்தைக் குறைக்காமலே போனது. அடுத்து வந்தது பஸ் இல்லை, ஒரு ஆமி ஜீப். அதுவும் நிற்காமல் போனது. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

"வாயத் திறந்துடாதீங்க" என்றார் முனாப் உதடு அசையாமல்.

அப்போதுதான் அந்த வேன் வந்தது. முன்னாலும் பக்கவாட்டிலும் வெள்ளைக் கொடிகள். கண்ணாடியைச் சுற்றிக் குருத்தோலைத் தோரணம். முனாப் கையை நீட்டினார். வேன் நின்றது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்ட, முனாப் அவர் காதருகே போய் என்னவோ பேசினார். ஓட்டுநர் சென்னியப்பனின் உடையைப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"மாஸ்டர், இவரு கறுப்பையா. நம்ம ஆளு. மையத்து வேனு, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டித்தான் போகுது. இதை யாரும் ரொம்ப நேரம் மறிக்கமாட்டாங்க. ஏறுங்க."

"ஏனுங்க, செத்தது ஆருங்க? நான் என்ன உறவுன்னு சொல்றதுங்க?"

"அதெல்லாம் கேக்கிற நேரமா?" என்றார் கறுப்பையா. "ஏறுங்கய்யா. உள்ள யாருகிட்டயும் பேசாதீங்க. செக் பொயின்ற் வந்தா அழணும். அவ்வளவுதான் வேலை."

வேனுக்குள் நடுவே நீளவாக்கில் பெட்டி. இரண்டு பக்கமும் பலகை. ஒரு பக்கம் கண்டிச் சிங்களப் பாணியில் வெள்ளைச் சேலை கட்டிய பருத்த அம்மாள், மடியில் மூடிய பிரம்புக் கூடை. எதிரே ஒரு கிழவர், குடையை இரண்டு கைகளாலும் ஊன்றிக்கொண்டு. அவர் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், மடியில் ஒரு மேசை விசிறி. எல்லாரும் வெள்ளை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. சென்னியப்பன் ஏறியதும் நகர்ந்து இடம் விட்டார்கள். நீ யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இத்தனை துக்கத்திலும் இத்தனை நாகரிகமா என்று அவன் வியந்தான். இவர்கள் வீட்டுச் சாவில் திருட்டுத்தனமாக ஏறி உட்கார்ந்திருக்கிறோமே என்று அவமானமாகவும் இருந்தது. பெட்டியைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

மேசை விசிறி எதற்கு என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஊரிலும் பிணத்தின் தலைமாட்டில் விசிறி வைப்பதுண்டு. ஈ மொய்க்காது. கூடை லேசாக அசைந்து, உள்ளிருந்து ஒரு கொண்டை எட்டிப் பார்த்தது. கோழி!

இன்று ஞாயிறு. அப்படியானால் ஆள் போனது நேற்று, சனிக்கிழமை. சனிக்கிழமைச் சாவு துணை தேடும் என்று சென்னிமலைப் பக்கம் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவார்கள். இங்கேயும் அதே வழக்கமா! நாடு விட்டு நாடு வந்தும் சாவில் எல்லாரும் ஒன்றுதான் என்று நினைத்தபோது, அன்றைக்கு முதன்முறையாக அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பல்லேகலையில் வேன் நின்றது. பின்கதவு திறந்தது. ஒரு துப்பாக்கிக் குழலும் அதற்குப் பின்னால் ஒரு சிப்பாயும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சிப்பாய் சிங்களத்தில் ஏதோ கேட்டான். அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கிழவர் குடையைப் பார்த்தார். சிப்பாயின் கண் ஒவ்வொரு முகமாக நகர்ந்து, கடைசியில் சென்னியப்பன் முகத்தில் வந்து நின்றது. துப்பாக்கி முனையை அவன் பக்கம் சற்றே சாய்த்து, அதே கேள்வியை மறுபடியும் கேட்டான்.

சென்னியப்பனுக்குத் தமிழும் கொஞ்சம் இங்கிலீஷும்தான் தெரியும். எதைப் பேசினாலும் உயிருக்கு ஆபத்து. வாயில் ஒரே ஒரு சொல்தான் வெடித்தது.

"ஐயோ!"

பெட்டியின்மேல் விழுந்தான். "ஐயோ! ஐயய்யோ!" என்று நெற்றியால் பலகையை முட்டினான். அது நடிப்பில்லை. அத்தனை வாரத்துப் பயமும் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லைச் சிங்களவரும் அப்படியேதான் சொல்லி அழுவார்கள். அதற்கு மட்டும் பாஸ்போர்ட் தேவையில்லை.

அம்மாள் திடுக்கிட்டு அவனைப் பார்த்தாள். அடுத்த கணம் தானும் குரலெடுத்தாள். கிழவரும் விசிறிக்காரரும் சேர்ந்துகொண்டார்கள். சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். அவன் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. அதைத் துக்கம் என்று சென்னியப்பன் எடுத்துக்கொண்டான். கதவு மூடியது.

வேன் நகர்ந்ததும் அழுகை குழாயை மூடியதுபோல நின்றது. சென்னியப்பன் மட்டும் நிறுத்த முடியாமல் விக்கிக்கொண்டிருந்தான். கிழவர் அவனை மரியாதையோடு பார்த்தார். அம்மாள் எழுந்து, பெட்டியின் தலைமாட்டில் தான் இருந்த இடத்தை அவனுக்குக் கொடுத்தாள். கண்ணாடிக்காரர் தன் கைக்குட்டையைக் கொடுத்தார்.

"அருமைய்யா!" என்றார் கறுப்பையா முன்னாலிருந்து. "இனிமே நீங்கதான் முன்னால இருக்கணும்."

சென்னியப்பன் தலைமாட்டில் நகர்ந்து உட்கார்ந்தான். தப்பிக்க அழுதான்; இப்போது சாவு வீட்டின் தலைமகன் ஆகிவிட்டான். இனி வருகிற துப்பாக்கியெல்லாம் முதலில் அவனைத்தான் கேட்கும்.

பொல்கொல்லைக்கு முன்னால் வளைவில் ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே வெட்டிப் போடப்பட்டிருந்தது. வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக இருந்தது. ரோட்டில் ஆளில்லை. மேலே மேட்டில், தேக்கு மரங்களுக்கிடையே இலையில்லாத ஏதோ ஒன்று அசைந்தது.

கறுப்பையா எஞ்சினை நிறுத்தவில்லை. "எல்லாரும் இறங்குங்க" என்றார் சிங்களத்திலும் தமிழிலும். "நான் ஓரமா வண்டிய நகர்த்திடுவேன். நீங்க பெட்டிய எடுத்துக்கிட்டு மரத்தச் சுத்தி நடங்க. மேல இருந்து பாக்கிறானுங்க. சாவுன்னு தெரியணும்."

நாலு மூலைக்கும் நாலு பேர். சென்னியப்பன் தலைமாட்டில். கிழவர் பதற்றமாக ஏதோ கிசுகிசுத்தார்.

"முழங்காலுக்கு மேல தூக்க வேணாங்கிறாரு!" என்றார் கறுப்பையா.

"ஏனுங்க?"

"அவனுங்க சுட்ட ஆளுன்னா பெட்டிய முழங்காலுக்கு மேல தூக்கப்படாதுன்னு கட்டளை. மீறித் தூக்கினா, தூக்கினவனுக்கும் ஒரு பெட்டி."

"இவரை அவங்கதான் சுட்டாங்களாங்க?"

கறுப்பையா வண்டியை ஓரமாக நகர்த்தினார். எல்லாரும் கூனிக் குறுகி, பெட்டியை முழங்காலுக்குக் கீழே பிடித்தபடி வாத்துபோல நடந்தார்கள். பத்தடி போவதற்குள் கண்ணாடிக்காரர் முன்னால் காட்டி அலறினார். வளைவுக்கு அப்பால் ஆமி லாரியின் உறுமல் கேட்டது.

"தாழத் தூக்கினா அவனுங்க சொல்லுக்கு அடங்கின ஆளுங்கன்னு ஆமி நினைக்கும்!" என்று கறுப்பையா கத்தினார். "தோளுக்குத் தூக்குங்க!"

பெட்டி தோளுக்குப் போனது. லாரி வரவில்லை; உறுமல் வேறு ரோட்டில் திரும்பித் தேய்ந்தது. மேலே தேக்குகளுக்கிடையே ஒரு சருகு நொறுங்கியது. பெட்டி மறுபடியும் முழங்காலுக்கு இறங்கியது. லாரிச் சத்தம் திரும்பி வந்தது. பெட்டி இடுப்புவரை வந்து, அங்கே எதையும் தீர்மானிக்க முடியாமல் நின்றது. இப்படியே ஏறி இறங்கி ஏறி இறங்கி மரத்தைச் சுற்றி வந்தார்கள். செத்தவரைத் தாலாட்டுவதுபோல் இருந்தது.

அந்த நடுக்கத்திலும் பிட்டரின் கை ஒன்றைக் கவனித்தது. பெட்டி கனக்கவேயில்லை. எதிர்மூலையில் அம்மாள் ஒரு கையில் பெட்டியையும் மறு கையில் கோழிக் கூடையையும் பிடித்துக்கொண்டு வந்தாள். நோயில் கிடந்து தேய்ந்துபோன உடம்பாக்கும் என்று நினைத்தபோது சென்னியப்பனுக்கு மறுபடியும் கண் கலங்கியது.

வேனில் ஏறியதும் அவன் யோசித்தான். முதல் செக் பொயின்ற்றில் சிப்பாய் அத்தனை நேரம் உற்றுப் பார்த்தானே, எதை? ஏதோ குறை இருந்திருக்கிறது. கோழி இன்னும் கூடையிலேயே கிடக்கிறது! துக்கத்தில் இவர்களுக்குச் சடங்கு மறந்துவிட்டது. கட்டவேண்டிய கோழியைக் கட்டாமல் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? தலைமகன் என்று உட்காரவைத்துவிட்டார்கள். இந்த ஒன்றையாவது முறையாகச் செய்துவிட்டால், இவர்களுக்கும் நன்றிக்கடன் தீரும், தனக்கும் காவல்.

மில் ஆட்களின் பையில் எப்போதும் ஒரு கண்ணி நூல் இருக்கும். சட்டை மாற்றும்போது அதை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்திருந்தான், பாஸ்போர்ட்டை மறந்த மனிதன். கூடையைப் பணிவோடு வாங்கினான். கோழியை வெளியே எடுத்து, காலில் நூலைச் சுற்றி, பெட்டியின் கைப்பிடியில் இழுத்துக் கட்டினான். கோழி பெட்டியின்மேல் ஏறி நின்று சிறகை உதறியது.

அம்மாளின் கண்கள் அகலமாக விரிந்தன. கையை நீட்டி, சிங்களத்தில் தழுதழுத்தபடி ஏதோ சொன்னாள்.

"பரவாயில்லீங்கம்மா" என்று அவன் கண்ணாலேயே சொன்னான்.

கறுப்பையா கண்ணாடியில் பார்த்தார். "ஐயா... அது என்னய்யா..." என்று தொடங்கியவர், முன்னால் மணல் மூட்டைகளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி. ரோட்டுக்குக் குறுக்கே மூங்கில் தடி. பாலத்துக்கு அந்தப் பக்கம், மரங்களுக்கு மேலே, இராஜரத்தினம் வீட்டின் ஓட்டுக் கூரை தெரிந்தது. அந்தக் கூரைக்குக் கீழே நாற்காலியின் முதுகில் கால்சட்டை தொங்கும். சத்தமாகக் கூப்பிட்டால் இராஜரத்தினத்துக்குக் கேட்டுவிடும் தூரம்தான்.

பின்கதவைத் திறந்தவர் ஒரு சார்ஜன்ட். தடித்த மீசை. சென்னியப்பன் தயாராக இருந்தான்.

"ஐயோ!" என்று விழப்போனான். கோழி குறுக்கே நின்றது.

சார்ஜன்ட் கோழியைப் பார்த்தார். கோழி சார்ஜன்டைப் பார்த்தது.

அவர் விரலால் கோழியைக் காட்டி ஏதோ கேட்டார். கிழவர், அம்மாள், கண்ணாடிக்காரர் மூவரும் ஒன்றாகத் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார்கள். சார்ஜன்ட் அதே விரலை மடக்கி அவனை இறங்கச் சொன்னார்.

சென்னியப்பன் இறங்கினான். முனாப்பின் சாரத்தை இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"ஐடென்டி?"

"ஐயோ."

"நம? பேரு?"

"ஐயோ."

சார்ஜன்ட் கிட்டே வந்தார். "தமிழா?"

எதற்கும் பொதுவாக, "ஐயோ" என்றான்.

"இந்தியாவா?"

இந்த முறை அந்தச் சொல்லும் வரவில்லை. வெறும் காற்றுத்தான் வந்தது.

சார்ஜன்ட் அவனை விட்டுவிட்டு வேனுக்குள் குனிந்தார். மடக்கிய விரலால் பெட்டியைத் தட்டினார். காலி அலுமாரியைத் தட்டியதுபோல் 'டொக் டொக்' என்றது. கோழி கொக்கரித்தது. அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பிறகு காவலுக்கு நின்ற சிப்பாயிடம் கையைக் காட்டிவிட்டு, மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டிலுக்குள் போனார். சிப்பாய் வேனை அடைத்துக்கொண்டு நின்றான்.

"போன் பண்ணப் போறாரு" என்றார் கறுப்பையா. அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. "ஐயா, கோழிய எதுக்குய்யா கட்டினீங்க?"

"சனிக்கிழமை செத்தாருங்களே, அதனால..."

"சனிக்கிழமைன்னு உங்களுக்கு யாருய்யா சொன்னது?"

சென்னியப்பன் பாலத்தின் பக்கம் திரும்பினான். கீழே மகாவலி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆற்றை இதுவரை எட்டிப் பார்க்காமல் நடந்தவன் இப்போது பார்த்தான். வீட்டில் மனைவி ஞானேஸ்வரி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்தான். வீக்எண்டு என்றால் என்ன என்று கேட்டு எழுதியிருந்தாள். இன்னும் பதில் போடவில்லை.

கொட்டிலின் சாக்குத் திரை விலகியது. வெளியே வந்தது சார்ஜன்ட் இல்லை, வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும் உடுத்திய ஒரு சின்ன மனிதர். லீவில் வீட்டுக்குப் போகிறவர்போலக் கையில் துணிப்பை. மீசையைப் பார்த்த பிறகுதான் அது சார்ஜன்ட் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்தது. சீருடை இல்லாமல் அவர் பாதியாக இருந்தார். ரோட்டின் இரு பக்கத்தையும் மேட்டையும் ஒருமுறை வேகமாகப் பார்த்துக்கொண்டார். சென்னியப்பனும் வெளியே வரும்போது அப்படித்தான் பார்ப்பான்.

அவர் சென்னியப்பனின் தோளைத் தள்ளி வேனுக்குள் ஏற்றி, தானும் ஏறினார். கிழவர் குடையை நகர்த்தினார். அம்மாள், தினமும் ஒரே பஸ்ஸில் வருகிறவருக்குச் செய்வதுபோலக் கூடையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள். சிப்பாய் மூங்கில் தடியைத் தூக்கினான். வேன் பாலத்தில் ஏறியது.

சார்ஜன்ட் குனிந்து நூலை அவிழ்த்தார். கோழியை அம்மாளிடம் கொடுத்தார். பிறகு சென்னியப்பன் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கவலையோடு சொன்னார்:

"ஐயா அழுறது நல்லம், ஆனா கோழி வேணாம், முன்னுக்கு இருக்கிற செக் பொயின்ற்ல சந்தேகம் வரும்... போன கிழமை இந்த வேன்ல நம்ம எல்லாரும் அழுதது பாட்டிக்கு, இந்தக் கிழமை செத்தது யாரு?"